பாலியின் அடுக்கு வயல்கள்: தெகல்லாலாங்கா, ஜாத்திலுவியா, சிடெமெனா?

காட்டுமன்னார்கோயில் பக்கமோ பாகூர் பக்கமோ வளர்ந்தவருக்கு நெல்வயலின் பச்சை அதிசயமில்லை. சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் கார்த்திகையில் வீராணம் ஏரிக்கரையில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் அதே பச்சைதான். டிக்கெட்டும் கிடையாது. ஆகவே ‘நெல்லைப் பார்க்கவா விமானம் ஏறிப் போகிறீர்கள்?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் அதில் நியாயம் உண்டு. நம் பக்கம் இல்லாதது சரிவு. கீழணையில் பிரிந்து, வடவாற்றில் வந்து, வீராணத்தில் தேங்கி, மதகு வழியே இறங்கும் தண்ணீர் தட்டையான மண்ணில் மெல்ல ஊர்ந்துதான் கடைமடைக்குப் போகிறது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் எரிமலைச் சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டி, ஒவ்வொரு தட்டிலும் தண்ணீரை நிறுத்தி, நிரம்பியதை அடுத்த தட்டுக்கு வழியவிட்டு நெல் விளைவிக்கிறார்கள். அந்த வேலைப்பாட்டைக் கிட்டத்தில் நின்று பார்ப்பதற்காகப் போகலாம். வெறும் பச்சைக்காக என்றால் அந்தப் பணம் மிச்சம்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம். பாலியில் அடுக்கு வயல் பார்க்கப் போகிறவர்கள் முன்னால் வந்து நிற்கும் பெயர்கள் மூன்று: தெகல்லாலாங், ஜாத்திலுவி, சிடெமென். மூன்றும் ஒரே தீவில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றில் கிடைப்பது மற்றொன்றில் கிடைக்காது. நான்கைந்து நாள் பயணத்தில் மூன்றையும் அடுக்கினால் பாதி நாள் காருக்குள்ளேயே கழியும்.

தெகல்லாலாங்

சென்னையிலும் புதுச்சேரியிலும் விற்கிற பேக்கேஜ்களில் ‘ரைஸ் டெரஸ்’ என்று ஒரு வரி இருந்தால் அநேகமாக இந்த இடம்தான். உபுத் ஊரிலிருந்து வடக்கே 9, 10 கிலோமீட்டர். காலையில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். குறுகலான ஓடைப் பள்ளம், இரு பக்கமும் செங்குத்தாக ஏறும் வயல் தட்டுகள், இடையிடையே தென்னை. சாலை ஒரு பக்க விளிம்பிலேயே ஓடுகிறது. அதன் ஓரம் முழுக்கக் காபிக் கடைகள், ஊஞ்சல்கள், வாடகைக்கு நீளப் பாவாடைகள். படத்தில் அழகாக விழுவதற்குக் காரணம் அந்தக் குறுகல்தான். எதிர்ச்சரிவு கிட்டத்தில் நிற்பதால் படம் முழுவதையும் வயலே அடைத்துக்கொள்கிறது. நேரில் பார்த்தால் பரப்பு சிறியது. சாலையிலிருந்து படி இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் ஏறித் திரும்ப ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும்.

நுழைவுக் கட்டணம் சிறு தொகைதான். அதோடு முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். வயலுக்குள் நடக்கையில் ஆங்காங்கே மூங்கில் தடுப்போ உண்டியலோ வைத்து நன்கொடை கேட்பார்கள். பலர் இதை ஏமாற்று என்று திட்டுகிறார்கள். ஆனால் கணக்கைப் பார்த்தால், காபிக் கடைக்கும் ஊஞ்சலுக்கும் வருமானம் கொட்டுகிறது, அந்த வருமானத்துக்குக் காரணமான வயலை உழுது நடுகிறவருக்கு நெல் விலை மட்டும்தான். அந்தத் தடுப்பு அவர் கண்டுபிடித்த வழி. 5,000, 10,000 ரூபியாத் தாள்களாகப் பத்துப் பன்னிரண்டு வைத்துக்கொள்ளுங்கள். 1,00,000 தாளை நீட்டினால் சில்லறை திரும்பி வராது. ஊஞ்சல் தனிக் கட்டணம். ஏறுவதாக இருந்தால் இடுப்பில் பட்டை கட்டிவிடுகிறார்களா, அந்தப் பட்டை ஊஞ்சல் கயிற்றிலிருந்து தனியான ஒரு கயிற்றோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். ஊஞ்சல் கயிறு அறுந்தால் தாங்குவதற்காகத்தான் அந்த இரண்டாவது கயிறு. இரண்டும் ஒரே கொக்கியில் மாட்டியிருந்தால் பிரயோஜனம் இல்லை.

காலை 7 மணிக்கு அங்கே இருந்தால் இடம் நன்றாகவே இருக்கும். 9 மணிக்கு மேல் தென்கடற்கரை ஓட்டல்களிலிருந்து வேன்கள் வரத் தொடங்கும். பத்தரைக்கு ஒற்றையடி வரப்பில் எதிரெதிரே வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் ஒதுங்க இடமில்லாமல் நிற்பார்கள். இன்னொன்று: இது யுனெஸ்கோ பட்டியலில் உள்ள வயல் என்று பல விளம்பரங்களில் எழுதியிருக்கும். அப்படி இல்லை. 2012-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான சுபாக் (உழவர்களின் பாசனச் சங்கம்) நிலப்பரப்பில் ஜாத்திலுவி உண்டு, தம்பாக்சிரிங் பக்கத்துப் பக்கரிசான் ஆற்றுப் படுகை உண்டு, பாத்தூர் ஏரியும் அதன் கோயிலும் உண்டு, மெங்வியில் உள்ள தாமான் ஆயுன் கோயில் உண்டு. தெகல்லாலாங் இல்லை.

ஜாத்திலுவி

நெல் தெரிந்தவர்கள் போக வேண்டிய இடம் இது. தாபானான் மாவட்டம், பாத்துக்காரு மலையின் தெற்குச் சரிவு, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர். வயல் பரப்பு 600 ஹெக்டேர் அளவில், அதாவது ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஏக்கர். தெகல்லாலாங்கைப் போல முகத்தில் மோதும் காட்சி இங்கே இல்லை. சரிவு மென்மையானது, தட்டுகள் அகலமானவை, வளைந்து வளைந்து மலையடி வரை போகின்றன. படத்தில் இதைச் சிறைப்பிடிப்பது கஷ்டம், நடப்பதற்குச் சுகம். ஐ.நா.வின் சுற்றுலா அமைப்பு 2024-இல் சிறந்த சுற்றுலாக் கிராமங்கள் பட்டியலில் இதைச் சேர்த்தது. அதற்குப் பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. ஆனால் அந்தப் பரப்பில் ஐந்நூறு பேர் வந்தாலும் சாலையோர உணவகங்களை விட்டு இருபது நிமிடம் நடந்தால் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

உள்ளே ஒரு மணி நேரச் சுற்றிலிருந்து அரை நாள் சுற்று வரை பல தடங்கள் இருக்கின்றன, பலகைகளும் உண்டு. குட்டைத் தடத்தில் பெரும்பகுதி சிமெண்ட் போட்ட பாதை. மூட்டு வலி உள்ளவர்களும் மெதுவாக நடந்துவிடலாம். நீளமான தடம் மண் வரப்பு வழியாகப் போகிறது. மழை பெய்த மறுநாள் அதில் செருப்போடு போகாதீர்கள். எரிமலை மண் காய்ந்தால் பொலபொலவென்று இருக்கும், ஈரமானால் சோப்பு.

நடக்கும்போது வாய்க்கால் பிரியும் இடங்களில் நின்று பாருங்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு கட்டை கிடக்கும். முன்பெல்லாம் மரம், இப்போது பல இடங்களில் சிமெண்டில் வார்த்திருக்கிறார்கள். பெயர் தெம்புக்கு. அதன் மேல்விளிம்பில் ஒரே ஆழத்தில், வெவ்வேறு அகலத்தில் பள்ளங்கள் செதுக்கியிருக்கும். ஆழம் ஒன்றாகவும் அகலம் மட்டும் வேறாகவும் இருப்பதால், கட்டையைத் தாண்டும் தண்ணீர் அகலத்துக்குத் தக்கபடி பங்காகப் பிரிகிறது. ஒரு பங்குக்குத் தெக்தெக் என்று கணக்கு. இந்த வாய்க்காலுக்கு இரண்டு பங்கு, அந்த வாய்க்காலுக்கு ஒரு பங்கு என்றால் பள்ளத்தின் அகலமும் இரண்டுக்கு ஒன்று. ஆற்றில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் அப்படியே நிற்கும். நம் ஏரிப் பாசனத்தில் மடை திறக்கவும் அடைக்கவும் நீர்க்கட்டி என்று ஒரு ஆள் வேண்டும், முறை வைத்து விட வேண்டும், இரவில் யார் வெட்டிவிட்டார்கள் என்று காலையில் பஞ்சாயத்து நடக்கும். இங்கே அந்தக் கட்டையே நீர்க்கட்டி. பள்ளத்தில் ஒரு கல்லோ தென்னை மட்டையோ சிக்கினால் போதும், ஒரு பக்கத்துப் பங்கு குறைந்துவிடும். ஆகவே அதன்மேல் கால் வைத்துத் தாண்டாதீர்கள். பிள்ளைகள் கல் போட்டு விளையாடினால் தடுத்துவிடுங்கள்.

ஒரே நீர்வரத்தைப் பகிர்ந்துகொள்ளும் உழவர்களின் சங்கம்தான் சுபாக். 9-ஆம் நூற்றாண்டு வரை பழைமை சொல்கிறார்கள். தலைவர் பெக்காசே, அவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எந்தத் தேதியில் நாற்று விடுவது, எந்தப் பகுதிக்கு முதலில் தண்ணீர் விடுவது, எப்போது வயலைக் காயப்போடுவது என்பதைக் கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள். அந்த முடிவு கோயில் நாள்காட்டியோடு சேர்ந்தே போகும். நீர் திரும்பும் முக்கியமான இடங்களில் எல்லாம் சிறு கோயில் இருக்கும். பிரம்பில் முடைந்த தட்டில் பூவும் சோறும் வைத்திருப்பார்கள். நெல்லின் தெய்வம் தேவி ஸ்ரீ, நம் திருமகள்தான். பூசை மட்டும் என்று இதை ஒதுக்க முடியாது என்பது 1970-களில் தெரிந்தது. பசுமைப் புரட்சியின்போது குறுகிய காலப் புது ரகங்களைக் கொடுத்து, கோயில் முறையை விட்டுவிட்டு அவரவர் முடிந்த மட்டும் நடலாம் என்று அரசு சொன்னது. தொடர்ந்து எங்காவது பயிர் நின்றுகொண்டே இருந்ததால் புகையான் பூச்சியும் துங்ரோ நோயும் வயலுக்கு வயல் தாவிப் பெருகின. பக்கத்து வயல்களை ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் அறுத்து, ஒரே சமயத்தில் தரிசு போட்டால் பூச்சிக்குத் தின்ன எதுவும் இருக்காது. அந்தப் பழைய முறை அதைத்தான் செய்துகொண்டிருந்தது. அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் இதை ஆராய்ந்து எழுதிய பிறகு உலகம் கவனித்தது. சம்பாவில் புகையானுக்கு மருந்தடித்து அலுத்தவர்களுக்கு இந்தக் கதை அங்கே நின்று கேட்கும்போது வேறு மாதிரி உறைக்கும். ஆழமாகப் பார்க்க விரும்பும் விவசாயக் குழுக்கள் தாபானான் ஊரில் உள்ள சுபாக் அருங்காட்சியகத்தையும் வழியில் சேர்த்துக்கொள்ளலாம். கலப்பை, பரம்புப் பலகை, கதிர் கொய்யும் சின்னக் கத்தி எல்லாம் அங்கே இருக்கின்றன.

இங்கே விளைவதில் சிவப்பரிசி பேர்போனது. உயரமாக வளரும் பழைய ரகம், வயலில் ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும். குட்டை ரகத்தைப் போல அரிவாளால் அடியோடு அறுக்காமல் கதிரைத் தாளோடு கொய்து கட்டுக் கட்டாகக் கட்டிக் களஞ்சியத்தில் ஏற்றுவது பழைய வழக்கம். வறுத்த சிவப்பரிசியில் போடும் தேநீரை உணவகங்களில் கேட்டு வாங்கிக் குடியுங்கள். பால் கிடையாது, கருப்பட்டி போட்டுக் குடிக்கலாம் போல இருக்கும்.

குறைகளும் உண்டு. உபுத்திலிருந்து ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். விமான நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல். கடைசி இருபது நிமிடம் வளைவுகள், வாந்தி எடுக்கிற பிள்ளைகள் இருந்தால் பை எடுத்து வையுங்கள். மதியத்துக்கு மேல் மலையிலிருந்து மேகம் இறங்கும். பதினொன்றுக்குக் கிளம்பி ஒரு மணிக்குச் சேர்கிற பேக்கேஜ் வண்டிகள் வெறும் வெள்ளை மூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது சர்வசாதாரணம். காலை ஆறரைக்குக் கிளம்ப ஓட்டுநர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு ஓட்டுநரைப் பாருங்கள், அல்லது முந்தைய இரவே ஜாத்திலுவியில் தங்கிவிடுங்கள். கட்டணத்துக்கு ஆளுக்கு 1,00,000 ரூபியா எடுத்து வைத்தால் மீதி வரும்.

சிடெமென்

கிழக்குப் பாலி, காரங்காசெம் மாவட்டம். உபுத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் இல்லை, நுழைவாயில் இல்லை, ஊஞ்சல் ஒன்றிரண்டு மட்டும். பள்ளத்தாக்கின் அடியில் உண்டா ஆறு, எதிரே 3,000 மீட்டரைத் தாண்டிய ஆகுங் எரிமலை. இங்கே ‘பார்க்கும் இடம்’ என்று ஒன்று கிடையாது. தங்கும் விடுதியின் வாசலிலிருந்தே வயல் தொடங்கும். அதனால் பகலில் வந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போகிறவருக்கு ஏமாற்றம். இரண்டு இரவு தங்குகிறவருக்குத்தான் இந்த இடம் திறக்கும்.

ஒற்றை நெல்லை நம்பியும் போகாதீர்கள். ஒரு போகம் நெல் அறுத்ததும் மிளகாய், நிலக்கடலை, சாமந்தி என்று மாற்றுப் பயிர் போடுவது இங்கே வழக்கம். நீங்கள் போகிற வாரத்தில் பாதிச் சரிவு மிளகாய்த் தோட்டமாக இருக்கலாம். பண்ருட்டிப் பக்கத்துக்காரருக்கு அதிலும் பேச விஷயம் இருக்கும். அது வேறு. வயல் நடுவே நடக்க உள்ளூர் ஆளை அழைத்துக்கொள்வது நல்லது. வரப்புகள் ஒன்றுக்கொன்று இணைந்தாற்போலத் தெரிந்தாலும் திடீரென்று இரண்டு மீட்டர் இறக்கத்தில் முடியும். திரும்பி வர வழி தெரியாமல் நாற்றங்காலை மிதித்துவிடுவோம். தறி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. எந்தெக், சொங்கெத் துணிகள் நெய்கிறார்கள். விலை அதிகம் என்று தோன்றினாலும் பேரம் பேசும் முன் தறிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

ஆகுங் 2017 நவம்பரில் புகை கக்கியபோது விமான நிலையமே இரண்டு நாளுக்கு மேல் மூடிக் கிடந்தது. பயணக் காப்பீடு எடுக்கும்போது எரிமலையால் ரத்தாகும் விமானத்துக்குப் பணம் உண்டா என்று அந்த ஒரு வரியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

யார் எங்கே போகலாம்

கைக்குழந்தையோடும் ஒரே ஒரு காலையோடும் இருப்பவர்கள் தெகல்லாலாங்கை ஏழு மணிக்குப் பார்த்துவிட்டு, அங்கிருந்து கிட்டத்தில் உள்ள குனுங் காவிக்குப் போகலாம். பாறையில் குடைந்த 11-ஆம் நூற்றாண்டு நினைவுக் கோயில்கள், ஏழு மீட்டர் உயரம், சுற்றிலும் யுனெஸ்கோ எல்லைக்குள் வரும் பக்கரிசான் வயல்கள். இறங்க ஏற முந்நூறு படி அளவுக்கு இருக்கிறது. இடுப்பில் சாரோங் கட்ட வேண்டும், வாசலில் கொடுப்பார்கள். வேட்டியில் போகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. மாதவிலக்கில் உள்ள பெண்கள் உள்ளே வர வேண்டாம் என்று பாலிக் கோயில்களில் அறிவிப்பு இருக்கும். வீட்டில் முன்கூட்டியே பேசிவைத்தால் வாசலில் சங்கடம் வராது.

அறுபது வயதைத் தாண்டிய அப்பா அம்மாவோடு போகிறவர்கள், விவசாயக் குடும்பங்கள், நாலு நாளில் ஒரே ஒரு வயல்தான் என்று முடிவு செய்தவர்கள் ஜாத்திலுவிக்குப் போங்கள். படி இறங்காமலே சாலையோரத்திலிருந்து முழுச் சரிவும் தெரியும். புதிதாகக் கல்யாணமானவர்களும், ஓட்டலை விட்டு வெளியே போகாமலே வயலைப் பார்க்க விரும்புகிறவர்களும் சிடெமெனில் தங்கலாம். ஊஞ்சல் படத்துக்காக மட்டும் என்றால் தெகல்லாலாங், அதில் தப்பொன்றும் இல்லை.

எந்த விடுமுறையில் எது தெரியும்

ஆண்டு முழுக்கப் பச்சை என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நெல்லுக்கு நாலு தோற்றம் உண்டு: சேறடித்துத் தண்ணீர் நிறுத்திய கண்ணாடி வயல், நட்ட ஒரு மாதத்திலிருந்து பச்சை, கதிர் முற்றியதும் மஞ்சள், அறுத்த பின் தாள். குறுகிய கால ரகம் நாலு மாதத்துக்குள் இந்தச் சுற்றை முடித்துவிடும். தெகல்லாலாங்கிலும் சிடெமெனிலும் ஒவ்வொரு சுபாக்கும் வேறு தேதியில் நடுவதால் எந்த மாதம் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஜாத்திலுவியில் மட்டும் ஓரளவு சொல்லலாம். சிவப்பரிசி ஜனவரி வாக்கில் நடவாகி ஜூன், ஜூலையில் அறுப்புக்கு வரும். அதன் பிறகு வெள்ளையரிசி ஒரு போகம்.

நம் விடுமுறைகளோடு இதைப் பொருத்திப் பார்த்தால், பொங்கல் விடுமுறையில் போகிறவருக்கு நடவும் கண்ணாடி வயலும் கிடைக்கும். கூடவே மழையும் கிடைக்கும், பாலியில் நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். ஏப்ரல் கடைசி, மே மாதப் பள்ளி விடுமுறைதான் நமக்குக் கொடுத்துவைத்த காலம். மழை ஓய்ந்திருக்கும், சிவப்பரிசிப் பயிர் முழு உயரத்தில் நிற்கும், கடலூரில் அக்கினி நட்சத்திரம் கொளுத்தும்போது ஜாத்திலுவியில் காலையில் மெல்லிய ஸ்வெட்டர் தேடுவீர்கள். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பியக் கூட்டம், அறை வாடகை ஏறும், வயல்களில் பல இடங்களில் தாள்தான். தீபாவளிக்குப் போனால் இரண்டாம் போகம் மஞ்சளாகும் நேரம். டிசம்பர் கடைசி வாரம் விலையும் கூட்டமும் மழையும் சேர்ந்து வரும். அரையாண்டு விடுமுறை என்பதற்காக அந்த வாரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எதுவானாலும் டிக்கெட் போடும் முன் தங்கப்போகும் விடுதிக்கு வாட்ஸ்அப்பில் இன்றைய படம் ஒன்று கேளுங்கள். ‘பாரு தானாம்’ என்று பதில் வந்தால் இப்போதுதான் நட்டிருக்கிறார்கள், நாற்பது நாளில் பச்சை. ‘சியாப் பானென்’ என்றால் அறுவடைக்குத் தயார், மூன்று வாரம் தாமதித்துப் போனால் தாளைத்தான் பார்ப்பீர்கள். வலைத்தளத்துப் படத்துக்கு மயங்கினால் பயன் இல்லை, அது எந்த ஆண்டுப் படமோ.

மார்ச்சில் போகிறவர்கள் நியேப்பி நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாலியில் வழங்கும் சக ஆண்டுக் கணக்கின் புத்தாண்டு, மௌன நாள். ஒரு முழு நாள் விமான நிலையமே மூடும், தெருவில் யாரும் நடமாடக் கூடாது, விளக்கும் மட்டு. சுற்றுலாப் பயணிக்கும் விலக்கு இல்லை.

போய்ச் சேர

சென்னையிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் மாறிப் போகலாம். திருச்சியிலிருந்தும் இதே இரண்டு ஊர்கள் வழியாக வழி உண்டு. கடலூர்க்காரருக்குச் சென்னை விமான நிலையமும் திருச்சியும் தூரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். விருத்தாசலம், சிதம்பரம் பக்கத்தில் இருப்பவர்கள் திருச்சி விலையைப் பார்க்காமல் சென்னையில் போடாதீர்கள். மாறாமல் நேராகப் போக பெங்களூரிலிருந்து இண்டிகோ விமானம் 2024 மார்ச்சிலிருந்து இருக்கிறது. புதுச்சேரிக்காரருக்கு இரவு ரயிலோ பேருந்தோ பிடித்துப் பெங்களூர் போய் ஏறுவது சில தேதிகளில் மலிவாக வரும்.

கோலாலம்பூரில் மாறும்போது இரண்டு விமானத்தையும் ஒரே பதிவில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் பெட்டியை அங்கே எடுத்து, மலேசியக் குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பணம் போனதுதான், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். தனித்தனியாகப் போட்டே ஆக வேண்டும் என்றால் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இந்தோனேசியாவில் வந்திறங்கியதும் விசா: 5,00,000 ரூபியா, 30 நாள். இதை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிட்டால் விமான நிலையத்தில் ஒரு வரிசை மிச்சம். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இது தவிர, 2024 பிப்ரவரி முதல் பாலி மாகாணத்துக்கு மட்டும் ஒரு சுற்றுலா வரி, ஆளுக்கு 1,50,000 ரூபியா. விசாவையும் இதையும் ஒன்று என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய 18,000 ரூபியா என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பூஜ்யங்களை எண்ணிப் பதறாமல் கடைசி மூன்றை மறைத்துவிட்டு ஐந்தரையால் பெருக்கினால் நம் ரூபாய் வந்துவிடும்.

தீவுக்குள் ஓட்டுநரோடு கார் ஒரு நாளைக்கு, பத்து மணி நேரத்துக்கு, 6,00,000 முதல் 8,00,000 ரூபியா வரை. நாலு பேர் என்றால் இதுதான் லாபம். செயலியில் கார் பிடித்து ஜாத்திலுவிக்குப் போவது சாத்தியம், திரும்பி வர வண்டி கிடைக்காது. உபுத் சுற்றுவட்டாரத்திலும் உள்ளூர் ஓட்டுநர்கள் செயலி வண்டிகள் ஆள் ஏற்றுவதை எதிர்ப்பார்கள். ஸ்கூட்டர் வாடகை மலிவு. ஆனால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, அதுவும் இருசக்கர வாகனத்துக்கானது, கையில் இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘தான்பா தாகிங், தான்பா இக்கான், தான்பா தெராசி’ என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், தெராசி இல்லாமல். முதலிரண்டோடு நிறுத்தினால் ‘சம்பல்’ என்ற மிளகாய்ச் சட்னியில் இறால் விழுது சேர்ந்துதான் வரும். அதைத்தான் தெராசி என்கிறார்கள். தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தாகு (டோஃபு), கடலைச் சாறு ஊற்றிய காய்கறி எல்லாக் கடையிலும் கிடைக்கும். தோசை, சாம்பார் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு உபுத்தில் இந்திய உணவகங்கள் உண்டு. ஜாத்திலுவியிலும் சிடெமெனிலும் எதிர்பார்க்காதீர்கள். புளியோதரைப் பொடியும் அப்பளமும் பெட்டியில் இருக்கட்டும்.

பாலிக்கு வெளியே

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் உள்ள பத்தாத், அடுக்கு வயல்களில் உச்சம் என்று தயங்காமல் சொல்லலாம். அரைவட்ட அரங்கு போல மலையே வளைந்து நிற்க, தட்டுகளின் சுவர்கள் கல்லால் கட்டியவை. 1995-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இப்போது இந்தியர்களுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம், திரும்பும் டிக்கெட்டும் தங்கும் பதிவும் செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்றும் காட்ட வேண்டும். ஆனால் மணிலாவில் இறங்கி ஒன்பது மணி நேர இரவுப் பேருந்து, பானாவேயில் இறங்கி ஜீப்னி என்ற பயணி வண்டியில் மலைப்பாதை, அதன் பிறகு நடை. ஊருக்குள் நடப்பதே அந்தக் கற்சுவர்களின் ஓரடி அகல மேல்விளிம்பில்தான், ஒரு பக்கம் சேறு, மறுபக்கம் ஆளுயரப் பள்ளம். தலைசுற்றல் உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் வேண்டாம். முப்பது வயதுக்குள், முழங்கால் நன்றாக இருக்கும்போது, ஏப்ரல் மே மாதங்களில் ஒரு வாரம் ஒதுக்கிப் போய்வாருங்கள். பானாவே ஊரின் பார்வைத்தளத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் அவ்வளவு தூரம் போனதே வீண்.

பணமும் நாளும் குறைவு என்றால் இலங்கை. கண்டியைச் சுற்றிய மலைகளிலும் நக்கிள்ஸ் தொடரில் உள்ள மீமுறே போன்ற கிராமங்களிலும் அடுக்கு வயல் உண்டு. பாலியின் அளவு இல்லை. பெரும்போகப் பயிர் ஜனவரியில் பச்சையாக நிற்கும். 2025 நவம்பர் டிட்வா புயலில் மலைநாட்டில் மண்சரிவு கடுமையாக இருந்ததால், கிளம்பும் முன் பாதை நிலவரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வரப்பில் நடக்கும் முறை

எங்கே போனாலும் வரப்பில் உள்பக்கமாக நடங்கள். தட்டின் வெளிவிளிம்பு, நம் வரப்பைப் போல இரு பக்கமும் சமமாகத் தாங்கி நிற்பதல்ல. உள்ளே நிற்கும் தண்ணீரின் பாரத்தைத் தனியாகச் சுமக்கிறது, வெளியே வெறும் இறக்கம். அதன் ஓரத்தில் குதிகால் அழுந்தினால் மண் பிளக்கும், இரவுக்குள் அந்தப் பிளவு வழியே தண்ணீர் கசிந்து கீழ்த்தட்டையும் அரித்துக்கொண்டு போகும். புதிதாக அண்டை வெட்டிச் சேறு பூசிய வரப்பு பளபளவென்று தெரியும். அதில் ஏறவே கூடாது, சுற்றிப் போங்கள். எதிரே கட்டுச் சுமையோடு வருகிறவருக்கு நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். வாத்து மேய்க்கும் வயலில் ஓடாதீர்கள், வாத்துகள் மிரண்டு அடுத்த வயலின் நாற்றுக்குள் இறங்கிவிடும். பூத்தட்டு வைத்த இடத்தைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள்.

கடைசி இரவை எங்கே வைப்பது என்பதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். திரும்பும் விமானம் மதியத்துக்கு முன் என்றால் ஜாத்திலுவி, சிடெமென் இரண்டும் வேண்டாம். சிடெமெனிலிருந்து விமான நிலையம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அதுவும் சாலை நெரிசல் இல்லாவிட்டால். தென்பாலியில் நெரிசல் இல்லாத நாள் குறைவு, ஊர்த் திருவிழா ஊர்வலம் வந்தால் சாலை அரை மணி நேரம் அப்படியே நிற்கும். வயல் தங்கலை முதல் இரண்டு இரவுக்கு வையுங்கள். பாலி நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுவதால் முதல் நாட்களில் காலையில் எழுவது சிரமமாக இருக்கும், ஆறரை மணி என்பது உடம்புக்கு விடியற்காலை நாலு மணி. ஆனால் விடுதி வயலுக்கு நடுவில் இருந்தால் கார் பிடித்து ஓட வேண்டியதில்லை, எழுந்து கதவைத் திறந்தால் போதும். கடைசி இரவுக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள சாதாரண அறை போதும்.